தான் யார் என்று அறியாத ஒற்றர்: பூமரைத் துரோகி என்று சொல்லலாமா?

வடக்குமாடி கேட்டது:

2003 டிசம்பரில் குறுந்தொடராகத் தொடங்கி 2009 மார்ச்சில் முடிந்த 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை இந்த மழைக்காலத்தில் மூன்றாவது முறையாகப் பார்த்து முடித்தேன். கதையின் முடிவு வரை இங்கே பேசப் போகிறேன். இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று இருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனிதர்கள் படைத்த சைலான் என்னும் இயந்திரங்கள் ஒரு காலத்தில் எதிர்த்துப் போரிட்டு, பிறகு நாற்பது ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்து, ஒரே நாளில் திரும்பி வந்து பன்னிரண்டு குடியேற்ற உலகங்களையும் அணுகுண்டுகளால் அழிக்கின்றன. தப்பிய ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் கலாக்டிகா என்னும் பழைய போர்க்கப்பலின் பாதுகாப்பில் விண்வெளியில் அலைகிறார்கள். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் சைலான்கள் மனித உருவத்தில் பன்னிரண்டு மாதிரிகளை அடைந்துவிட்டன. பெரும்பாலான மாதிரிகளுக்கு எண்ணற்ற பிரதிகள் உண்டு. சதை, இரத்தம், வியர்வை, கண்ணீர் எல்லாம் நம்முடையவை போலவே இருக்கும். அவற்றுள் சில கப்பல்களுக்குள்ளேயே வாழ்கின்றன.

என் கேள்வி லெப்டினன்ட் ஷாரன் வலேரியைப் பற்றியது. எல்லோரும் பூமர் என்று அழைக்கும் அந்த விமானி எட்டாம் எண் மாதிரி. தான் சைலான் என்பது அவளுக்கே தெரியாது. ட்ராய் என்னும் சுரங்கக் குடியிருப்பில் பிறந்ததாகவும், அங்கு நேர்ந்த விபத்தில் குடும்பம் முழுவதும் இறந்துபோனதாகவும் அவளுக்கு நினைவுகள் புகுத்தப்பட்டிருக்கின்றன. முதல் சீசனின் கடைசிக் காட்சியில், தன்னை மகள்போல் நடத்திய தளபதி அடாமாவை நெஞ்சில் சுடுகிறாள். சுட்டது அவள் கை என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த நொடி வரை கலாக்டிகாவுக்கு முழு மனத்துடன் உழைத்த ஒருத்தியைத் துரோகி என்று அழைப்பது முறையா? நம்பிக்கை வைத்தவரை அறிந்தே ஏமாற்றுவதுதானே துரோகம்? அறியாமல் செய்ததற்கு வேறு பெயர் வேண்டாமா? இதில் தொடரே ஒரு தீர்ப்பு வழங்குகிறதா, அல்லது நம்மிடம் விட்டுவிடுகிறதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கிணற்றடி:

நல்ல கேள்வி. ஆனால், "அந்த நொடி வரை அறியாதவள்" என்ற உங்கள் தொடக்கத்தையே நான் ஏற்கவில்லை. முதல் சீசனை மட்டும் வரிசையாக மறுபடி பாருங்கள். பூமரின் அறியாமை அவ்வளவு தூய்மையானதல்ல என்பது விளங்கும்.

இரண்டாவது எபிசோடான 'வாட்டர்' தொடங்கும்போதே அவள் தலை முதல் கால் வரை நனைந்து ஓர் அறையில் விழித்துக்கொள்கிறாள். எப்படி நனைந்தோம் என்பது அவளுக்கு நினைவில்லை. பையில் வெடிமருந்துக் கருவி இருக்கிறது. சற்று நேரத்தில் கப்பலின் தண்ணீர்த் தொட்டிகள் வெடித்துச் சிதறுகின்றன. சாதாரணமானவர் ஒருவருக்கு இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அவள் சேர்த்துப் பார்த்தாள் என்பதுதான் என் வாதம். தன் காதலன் டைரோலிடம் ஓடுகிறாள்; அவனும் அவளைக் காப்பாற்றவே முனைகிறான். மேலிடத்துக்குச் சொல்ல வேண்டிய செய்தி இருவருக்குள் புதைந்துபோகிறது.

அதே எபிசோடில், தண்ணீர் தேடி அவள் விமானத்தில் செல்லும் காட்சியைத் தொடர் முழுவதிலும் மிக நுட்பமானதாக நான் கருதுகிறேன். திரையில் தண்ணீர் இருப்பதற்கான அறிகுறி தெளிவாகத் தெரிகிறது. கண் பார்க்கிறது, வாய் "ஒன்றுமில்லை" என்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. இருக்கைக்கு அடியில் கைபடும் இடத்தில் இன்னொரு வெடிப்பொருள் ஒட்டப்பட்டிருக்கிறது. அவள் உடலுக்குள் இரண்டு விருப்பங்கள் கயிறிழுப்பது நடிகை கிரேஸ் பார்க்கின் முகத்தில் அப்படியே தெரிகிறது. இறுதியில் தண்ணீர் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடுகிறாள். அந்தச் சுற்றில் வென்றவள் விமானி ஷாரன்தான்.

ஆகவே அவளுக்குள் புகுத்தப்பட்ட கட்டளை முழு ஆற்றல் கொண்டதல்ல. எதிர்க்க முடியும், ஒரு முறை எதிர்த்தும் காட்டினாள். அடாமாவைச் சுட்டதற்காக நான் அவளைக் குறை கூற மாட்டேன். அதற்கு முந்தைய வாரங்களில், தன்மீதே ஐயம் எழுந்த பிறகும் வாய்மூடி இருந்ததற்காகக் குறை கூறுவேன். ஆறாவது எபிசோடில் நடக்கும் விசாரணையில் அவளையும் டைரோலையும் காப்பதற்காகச் சோசினஸ் என்ற இளைஞன் பொய்சொல்லிச் சிறைக்குப் போகிறான். அப்போதும் அவள் பேசவில்லை. உங்கள் கேள்விக்கு என் பதில்: சுட்டது துரோகமல்ல, மௌனம்தான் துரோகம்.

தட்டச்சுக்காரர்:

இந்த மௌனத்தில் பாதியை விஞ்ஞானி டாக்டர் பால்டார் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எல்லோரும் அவளை விசாரிக்கிறோம், அவரை விட்டுவிடுகிறோம்.

சைலானைக் கண்டறியும் சோதனையைச் செய்யப் புளூட்டோனியம் வேண்டும் என்று சொல்லிக் கப்பலிலிருந்து ஓர் அணுகுண்டையே வாங்கியவர் அவர். எட்டாவது எபிசோடான 'ஃப்ளெஷ் அண்ட் போன்'னில் பூமர் தானாகவே வந்து தன்னைச் சோதிக்கச் சொல்கிறாள். கிணற்றடி இதைக் கவனிக்க வேண்டும்: ஐயம் வந்தவள் வாய்மூடி மட்டும் இருக்கவில்லை, சோதனைச் சாலையின் கதவையும் தட்டினாள். முடிவு சிவப்பாக, அதாவது அவள் சைலான் என்று, வருகிறது. உண்மையைச் சொன்னால் தன் கழுத்து அந்த இடத்திலேயே முறியக்கூடும் என்ற அச்சத்தில் பால்டார், "நீ மனிதப் பெண்தான்" என்று பொய் சொல்லி அனுப்பிவிடுகிறார். கட்டியைக் கண்டுபிடித்த மருத்துவர் நோயாளியிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவதற்கு ஒப்பானது அது.

அந்தச் சோதனையின் பயனையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒருவருக்குப் பதினொரு மணி நேரம் ஆகும் என்று தொடரிலேயே சொல்லப்படுகிறது. ஒரே கருவியில் 48,000 பேரை இரவு பகலாகச் சோதித்தாலும் அறுபது ஆண்டுகள் கழிந்துவிடும். ஆகவே யாரை முதலில் சோதிப்பது என்ற முடிவே அரசியலாகிறது. குறுந்தொடரில் இதைவிட வேடிக்கையான ஒன்று நடந்தது: எந்தச் சான்றும் இல்லாமல், தன் தோலைக் காத்துக்கொள்வதற்காக, டோரல் என்ற மக்கள் தொடர்பு அலுவலரைப் பால்டார் சைலான் என்று சுட்டிக்காட்டுகிறார். அந்த மனிதரை ஆளில்லாத விண்வெளி நிலையத்தில் கைவிட்டுச் செல்கிறார்கள். பார்வையாளராகிய நாம் அநியாயம் என்று பதறி முடிக்கும் முன்பே, அவர் உண்மையிலேயே சைலான் என்று தெரிகிறது. பொய்க்குற்றச்சாட்டு மெய்யாகிவிடுகிறது, மெய்யான சோதனை முடிவு பொய்யாகிவிடுகிறது.

அந்திக்கப்பல்:

முன்னிருவரும் பூமரை மட்டும் வைத்து வாதிடுகிறீர்கள். அவளுக்குப் பக்கத்தில் அதீனாவை நிறுத்திப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது என்பது என் எண்ணம்.

அதே முகம், அதே குரல், அதே எட்டாம் எண் மாதிரி. பூமரின் நினைவுகள்கூட அவளிடம் உண்டு. அழிந்த காப்ரிகா உலகில் தனியாக மாட்டிக்கொண்ட கலாக்டிகா வீரன் ஹீலோவிடம், தான்தான் அவனுடைய பழைய தோழி ஷாரன் என்று நடித்து அவனைக் காதலிக்கவைத்து, சைலான்–மனிதக் கலப்புக் குழந்தை ஒன்றைப் பெறவேண்டும் என்பது அவளுக்கு இடப்பட்ட பணி. அவளுக்கு எல்லாம் தெரியும். ஒவ்வொரு சொல்லும் திட்டமிட்ட பொய். வடக்குமாடியின் இலக்கணப்படி பார்த்தால் துரோகம் என்ற சொல்லுக்கு இவளைவிடப் பொருத்தமானவள் கிடையாது. ஆனால், இவள்தான் பின்னால் தன் இனத்தையே விட்டு வந்து, கலாக்டிகாவின் சிறையில் மாதக்கணக்கில் கிடந்து, இறுதியில் அந்தக் கப்பலின் சீருடையை அணிந்து அடாமாவின் நம்பிக்கைக்கு உரியவளாகிறாள். அறியாதவள் சுட்டாள், அறிந்தவள் நிலைத்து நின்றாள். இந்த இரண்டையும் ஒரே நடிகையிடம் கொடுத்ததில்தான் தொடரின் கூர்மை இருக்கிறது.

இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் விடை, அறிதலும் அறியாமையும் விசுவாசத்தின் அளவுகோல் அல்ல என்பது. பூமருக்குத் தான் யார் என்று தெரியாததால், தேர்ந்தெடுக்கவும் அவளுக்கு வாய்ப்பில்லை. அவள் கலாக்டிகாவுக்கு உண்மையாக இருந்தது பழக்கத்தால். வேறு வழி இருப்பது அவளுக்குத் தெரியாது. அதீனாவுக்கோ இரண்டு வழிகளும் தெரியும்; ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்தாள். பூமர் துரோகியும் அல்ல, அந்தக் காலத்தில் விசுவாசியும் அல்ல என்றே சொல்வேன். இரண்டு சொற்களுக்குமே அவளிடம் இடமில்லை.

மூன்றாம் சீசன் முடிவில் அடாமாவின் துணைத் தளபதி கர்னல் டை இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறார். நாற்பது ஆண்டு வெறுப்பைச் சுமந்து, சைலான் ஆக்கிரமிப்பின்போது ஒரு கண்ணையே இழந்த அந்தக் கிழவர், தானே சைலான் என்று அறிந்த அன்று, தான் எதுவாக இருந்தாலும் இந்தக் கடற்படையின் அதிகாரியாக வாழ்வதையும் அப்படியே சாவதையும்தான் விரும்புவதாகச் சொல்லிவிட்டு நேராகக் கட்டுப்பாட்டு மேடைக்குப் போய் நிற்கிறார். பூமருக்குக் கிடைக்காதது அந்த ஒரு நடைதான்: அறிந்துகொண்ட இடத்திலிருந்து மேடை வரை நடந்துபோகும் நேரம்.

சட்டம் பூமரை எப்படிப் பார்த்தது என்பதையும் மறக்க வேண்டாம். காவலில் கொண்டுசெல்லப்பட்ட அவளை, டைரோலின் கீழ் வேலை செய்யும் கல்லி என்ற பெண் கூட்டத்தின் நடுவே சுட்டுக் கொல்கிறாள். கல்லிக்குக் கிடைத்த தண்டனை முப்பது நாள் சிறை, அதுவும் அனுமதியின்றித் துப்பாக்கியைப் பயன்படுத்திய குற்றத்துக்காக. கொலை என்ற சொல் எங்கும் வரவில்லை. ஆனால், சுடப்பட்ட அடாமா குணமானதும் பிணவறைக்குச் சென்று, பூமரின் உடலின் முன் நின்று ஏன் என்று கேட்டு அழுகிறார். பொருள் என்று சட்டம் எழுதிய ஒன்றிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

வடக்குமாடி:

அந்திக்கப்பலின் ஒப்பீடு என்னை மிகவும் யோசிக்கவைத்தது. ஆயினும், கர்னல் டையை இங்கே கொண்டுவருவதில் எனக்கு ஒரு தடை உண்டு. பூமருக்குள் ஒரு கட்டளை உறங்கிக்கொண்டிருந்தது. டைக்குள் அப்படி எதுவும் இல்லை. அவரையும், அவரைப் போலவே தங்களை மனிதர் என்று நம்பிய மற்ற நான்கு சைலான்களையும் முதலாம் எண் மாதிரியான கேவில் மனிதர்களிடையே நட்டுவைத்தது, அவர்கள் பட்டு அறியட்டும் என்ற வஞ்சத்தினால்தான். மேடையில் நின்று "நான் அதிகாரி" என்று சொல்ல டைக்குத் துணிவு மட்டும் போதுமானதாக இருந்தது. பூமர் அதே சொற்களைச் சொல்லியிருந்தாலும் அவள் விரல் விசையை அழுத்தியிருக்கும். ஆகவே தேர்வு என்ற அளவுகோலை இருவருக்கும் ஒன்றுபோல் வைப்பது நியாயமாகாது.

தட்டச்சுக்காரர் சுட்டிய சோதனைக் காட்சியை நான் மறந்தே போயிருந்தேன். அவளே வந்து கேட்டாள் என்ற பிறகு, மௌனமே துரோகம் என்ற கிணற்றடியின் தீர்ப்பு எனக்கு மிகக் கடுமையாகப் படுகிறது. முதல் சீசனின் இறுதிப் பகுதியில் அவள் துப்பாக்கியைத் தன் வாய்க்குள் வைத்துக்கொள்ளும் அளவுக்குப் போகிறாள். தன்னைக் கண்டு தானே அஞ்சியவள் அதற்கு மேல் என்ன செய்திருக்க முடியும்?

கிணற்றடி:

ஒப்புக்கொள்கிறேன்; சோதனையைக் கணக்கில் கொள்ளாமல் எழுதிவிட்டேன். ஆனாலும், துப்பாக்கியை எடுத்துத் தன் வாயில் வைக்கத் துணிந்தவள், அதே துப்பாக்கியை அடாமாவின் மேசையில் வைத்து "என்னைச் சிறையில் போடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? சாகத் துணிந்தாள், சொல்லத் துணியவில்லை. துரோகம் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். கோழைத்தனம் என்பதை வைத்துக்கொள்கிறேன்.

ஒலிநாடா:

நண்பர்கள் கதைக்குள் நின்றே வாதிடுவது மகிழ்ச்சி தருகிறது. நான் சற்று வெளியே நின்று எழுதுகிறேன். சிலருக்கு எரிச்சல் வரலாம்.

இந்த மனித உருவங்களின் விதிகளை எழுத்தாளர்கள் முன்பே வகுத்துவிட்டு எழுதவில்லை. 1978இல் க்ளென் லார்சன் உருவாக்கிய மூலத் தொடரில் சைலான்கள் பளபளக்கும் உலோகக் கவச உருவங்கள். அவற்றைப் படைத்தது மனித இனமல்ல, ஊர்வன போன்ற வேறோர் இனம். மனிதத் தோற்றமுள்ள சைலான் 1980இல் வந்த தொடர்ச்சியில் சிறிதாக எட்டிப்பார்த்ததோடு சரி. ரொனால்ட் மூரும் டேவிட் ஐக்கும் புதிதாக எடுத்தபோதுதான் படைத்தவர்கள் மனிதர்களே என்று மாற்றினார்கள். எதிரி என்ற பொருளே அதனால் மாறியது. உலோகச் சைலான்களைக் கணினி வரைகலையில் உருவாக்கி வாராவாரம் காட்டுவது செலவு மிகுந்த வேலை. நடிகரை நிறுத்தினால் அந்தச் செலவு கிடையாது, அச்சமும் கூடுகிறது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குச் சில ஆண்டுகளே கழிந்திருந்த அமெரிக்காவில், பக்கத்து இருக்கையில் இருப்பவர் யாரோ என்ற அச்சத்துக்குத் தனியாக விளக்கம் எழுதவும் தேவைப்படவில்லை.

ஆனால் விதிகள் தளர்வாகவே இருந்தன. காதல் காட்சிகளில் ஆறாம் எண் மாதிரியின் முதுகுத்தண்டு சிவப்பாக ஒளிரும். காப்ரிகாவில் ஹீலோவுடன் இருந்த ஷாரனுக்கும் ஒளிர்ந்தது. அப்படியென்றால் கலாக்டிகாவில் டைரோல் கண்ணை மூடிக்கொண்டா காதலித்தார் என்று அன்றைக்கே ரசிகர்கள் கேட்டார்கள். பதில் வரவில்லை, ஒளிர்வதுதான் மெல்ல நின்றுபோனது. முதல் சீசன்களில் எபிசோடுகளின் தொடக்கத்தில் "அவர்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது" என்று எழுத்தில் காட்டினார்கள். ஆனால் டை, டைரோல் உள்ளிட்ட 'இறுதி ஐவர்', அதாவது கடைசியாக வெளிப்படும் ஐந்து சைலான்கள், யார் என்பதே மூன்றாம் சீசன் முடிவை எழுதும்போதுதான் தீர்மானிக்கப்பட்டது என்று மூரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். ஆகவே டைரோல் சைலான் என்பது, பூமரை அவர் காதலித்த நாளில் அவரை எழுதியவர்களுக்கே தெரியாது. இரண்டாம் சீசன் முடிவில், தான் சைலானாக இருப்பேனோ என்று அஞ்சும் டைரோலிடம் மதகுரு வேடத்தில் இருக்கும் கேவில், "நானே ஒரு சைலான், எங்கள் கூட்டங்களில் உம்மைப் பார்த்ததில்லையே" என்ற பொருளில் நகையாடுகிறார். எழுதியபோது அது வெறும் நகைச்சுவை. ஓராண்டு கழித்து அது கொடூரமான பொய்யாக மாறிவிட்டது. எழுதிய கைக்கே தெரியாமல்.

இடையில் ஒரு செய்தி: தொடரின் முகப்பு இசையில் ஒலிப்பது காயத்ரி மந்திரம். முதன்முறை கேட்டபோது என் கைபேசியில்தான் ஏதோ ஒலிக்கிறது என்று நினைத்து எழுந்து தேடினேன்.

என் கருத்து இது: திட்டமில்லாமல் எழுதியதால் தொடருக்குக் குறையும் வந்தது, இந்த இழையில் நாம் பேசும் பொருளும் வந்தது. தான் எதற்காகப் படைக்கப்பட்டோம் என்பது பூமருக்குத் தெரியவில்லை. டையும் டைரோலும் எதற்காகப் படைக்கப்பட்டார்கள் என்பது எழுத்தாளர்களுக்கே தெரியவில்லை. நடிகர்கள் மனிதர்களாகவே நடித்துக்கொண்டிருந்தார்கள். மைக்கேல் ஹோகன் மூன்று சீசன்கள் கலப்படமில்லாத மனிதராக டையை வாழ்ந்து காட்டியதால்தான், அவர் சைலான் என்று தெரிந்த பிறகும் அவர் வேறு யாராகவும் மாறாமல் நிற்கிறார்.

அந்திக்கப்பல்:

ஒலிநாடாவின் கருத்தை ஏற்கிறேன், ஆனால் பூமரைப் பொறுத்தவரை அது பொருந்தாது. அவள் சைலான் என்பது குறுந்தொடரின் கடைசிக் காட்சியிலேயே நமக்குக் காட்டப்பட்டுவிட்டது. எழுத்தாளர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியும், அவளுக்கு மட்டும்தான் தெரியாது. அதனால்தான் அவளைப் பார்க்கும் வலி டையைப் பார்க்கும் வியப்பிலிருந்து வேறுபட்டது.

வடக்குமாடி தொடரின் தீர்ப்பைக் கேட்டிருந்தார். இரண்டாம் சீசனின் 'டவுன்லோடட்' எபிசோடைப் பாருங்கள். சைலான் இறந்தால் அதன் நினைவுகள் புது உடலுக்குப் போய்விடும்; அப்படி இறந்த பூமர் காப்ரிகாவில் புது உடலில் விழித்தெழுகிறாள். தன் இனத்தார் எவ்வளவோ அழைத்தும், அழிந்த நகரத்தில் தன்னுடைய பழைய வீட்டுக்கே போய், பழைய புகைப்படங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் ஷாரன்தான் என்கிறாள். அந்த நினைவுகளில் பல பொய் என்று இப்போது அவளுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் விட மறுக்கிறாள். என் அளவுகோலின்படி அவளுடைய முதல் தேர்வு அதுதான், அதை மனிதர்கள் எவரும் பார்க்கவில்லை. மனிதர்கள் குடியேறிய நியூ காப்ரிகாவைச் சைலான்கள் ஆக்கிரமித்த காலத்துக்குப் பிறகு அவள் கசந்துபோய்க் கேவிலின் பக்கம் சேர்ந்தது, டைரோலை ஏமாற்றி அதீனாவின் குழந்தை ஹெராவைக் கடத்தியது ஆகியவை எல்லாம் முழு அறிவுடன் செய்தவை. துரோகம் என்ற சொல்லை அங்கே தயங்காமல் பயன்படுத்துவேன்.

தட்டச்சுக்காரர்:

அந்தக் குழந்தையைத் திருப்பிக் கொடுத்ததும் அவளேதான். இறுதி எபிசோடில் ஹெராவை அதீனாவின் கையில் ஒப்படைத்துவிட்டு, கிழவர் அடாமாவுக்குத் தான் ஒரு கடன்பட்டிருந்ததாகச் சொல்லச் சொல்கிறாள், அதீனா சுடுகிறாள். உடனே பழைய காட்சி ஒன்று வருகிறது: புதிதாகச் சேர்ந்த விமானியாக, சரியாகத் தரையிறங்கத் தெரியாமல் தடுமாறிய பூமரை அடாமாவும் டையும் கூப்பிட்டுக் கண்டித்து, இன்னொரு வாய்ப்புக் கொடுத்து அனுப்புகிறார்கள். என்றைக்காவது இந்தக் கடனைத் தீர்ப்பேன் என்கிறாள் அவள். அந்த அறையில் இருந்த மூவரில் இருவர் சைலான்கள், இருவருக்கும் அது தெரியாது.

வடக்குமாடி:

மூவரில் இருவர் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. இன்றிரவு அந்த ஒரு காட்சியை மட்டும் மறுபடி போட்டுப் பார்க்கப் போகிறேன், டையின் முகத்தைக் கவனித்து.